வங்கடையின் வயிற்றில் இருந்த வெள்ளி

பாம்பன் தெற்குவாடியில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அந்தப் பழைய மீன் படத் தாளை விரித்தபோது, அவர் முதலில் வண்ணத்தைப் பார்க்கவில்லை. வால் பக்கம் விரலைக் கொண்டுபோனார். தாளில் படாமல் ஒரு நூல் உயரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே, “இங்கதான் தம்பி கையக் கிழிக்கும்” என்றார். வங்கடை மீனுக்கு வால் பக்கத்தில் இரண்டு விலாவிலும் அரம் மாதிரி கெட்டியான செதில் வரிசை உண்டு. வலையிலிருந்து கழற்றும்போது அவசரத்தில் அந்த இடத்தைப் பிடித்தவர்களுக்கு அது மறக்காது. படத்தில் அந்த வரிசை தெளிவாக இருந்தது. வாலுக்கு முன்னால் மேலும் கீழும் நிற்கும் குட்டித் துடுப்புகளும் தனித்தனியாக இருந்தன.

படம் பெர்லினில் 1793இல் வெளியானது. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை பூசித் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுத்தது. அப்புறம் யாரோ ஒருவர் தூரிகை பிடித்து வண்ணம் போட்டிருக்கிறார். வயிற்றில் வெள்ளிப் பூச்சு. மூன்று வருடம் தேடி, 16,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஒற்றைத் தாள். அதை வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் செய்த தவறுகள் நிறைய. இந்த மாதிரிப் படங்களை விரும்புகிறவர்கள் நம் கரையிலும் சிலர் உண்டு என்று தெரிந்தபிறகுதான் இதை எழுத நினைத்தேன்.

எனக்கு ராமநாதபுரத்தில் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று 26 வருடம் ஓடிவிட்டது. அம்மா பாம்பனில் மீன் கூடை சுமந்து விற்றவர். மீனும் அச்சும் இரண்டும் எனக்குச் சோறு போட்டவை. அதனால் மீனை அச்சடித்த ஒரு பழைய தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

அப்படித்தான் முதல் தவறு நடந்தது. சென்னையில் பழைய பொருள் விற்கும் ஒரு கடையில், தேக்குச் சட்டம் போட்டு ஒரு கிளிமீன் படம் மாட்டியிருந்தார்கள். 200 வருடப் பழசு, கையால் வண்ணம் தீட்டியது என்றார் கடைக்காரர். சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். பின்னால் ஒட்டிய காகிதம் கிழிந்துவிடும் என்றார். சரி என்று 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அச்சகத்தில் வைத்துக் கழற்றி, தினமும் கையில் இருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலர் புள்ளிகள். நான் தினமும் மெஷினில் ஓட்டுகிற அதே ஆப்செட். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதை விட, தெரிந்த தொழிலிலேயே பார்க்கத் தவறினேன் என்பதுதான் உறுத்தியது.

ஆகவே முதல் விஷயம்: கண்ணாடிக்குள் இருக்கும் படத்தை அப்படியே வாங்காதீர்கள். சட்டத்தைக் கழற்றிக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செதுக்கிய தகட்டில் எடுத்த படத்தில் அந்த மாதிரி நாலு கலர் புள்ளி வராது. கோடுதான் வரும். ஒவ்வொரு கோடும் மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். நிழல் வேண்டிய இடத்தில் கோடுகள் நெருங்கி நிற்கும். நல்ல தாளாக இருந்தால் மை தாளின் மேல் சற்றே மேடாக இருப்பது சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். செல்போன் டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகடு அழுந்திய பள்ளம் ஒன்று ஓடும். பிற்பாடு ஓரம் வெட்டிய தாளில் அந்தப் பள்ளம் காணாமல் போயிருக்கலாம். அப்படி வெட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயம்.

கையால் போட்ட வண்ணத்துக்கும் லென்ஸில் ஒரு முகம் உண்டு. நீர்வண்ணம் காயும்போது ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்து நிற்கும். ஒன்றிரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஒன்றிரண்டு இடத்தில் கோடு வரை எட்டாமல் வெள்ளை விட்டிருக்கும். அதே பக்கத்தின் இன்னொரு பிரதியைப் பார்த்தால் அங்கே வேறு இடத்தில் வழிந்திருக்கும். என்னிடம் ஜார்டைன் என்பவர் எடின்பரோவில் வெளியிட்ட சிறிய இயற்கை நூல் வரிசையின் தாள் ஒன்று இருக்கிறது. 1833இலிருந்து 1843 வரை 40 தொகுதிகளாக வந்த வரிசை அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தாள்கள். பெரும்பாலும் மீனுக்கு மட்டும் வண்ணம், பின்னணியில் கரையும் பாறையும் கறுப்புக் கோட்டிலேயே இருக்கும். நிறைய அச்சானதால் விலையும் அடக்கம். நான் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தச் சின்னத் தாளில் தொடங்கி, லென்ஸில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் பெரியதற்குப் போகலாம்.

அடுத்தது, பழைய தாள் மேல் புது வண்ணம். இது ஆப்செட்டைக் கண்டுபிடிப்பதை விடக் கஷ்டம். பிரான்சிஸ் டே என்ற மதராஸ் ராணுவ மருத்துவர், பிற்பாடு இந்தியா முழுமைக்கும் மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்தவர், இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதில் பல மீன்களுக்கு ஊர்ப் பெயர்களைக் குறிக்கும்போது தமிழ்ப் பெயரையும் சேர்த்திருக்கிறார். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா தெருவில் கூவி விற்ற மாதிரியே காதில் விழுந்தது. அந்த நூலின் படங்கள் கல்லச்சில் எடுத்தவை. வெளியானபோது கறுப்பு வெள்ளை மட்டும்தான். ஒருமுறை ஒரு வியாபாரி, அதிலிருந்து ஒரு தாளைப் பளபளவென்று வண்ணத்தோடு காட்டி, அந்தக் காலத்திலேயே கையால் தீட்டியது என்றார். மறுத்துவிட்டேன். யாரோ நம் காலத்தில் அழகுக்காகப் போட்டது அது. வண்ணம் போடாத டே தாள்தான் நிஜமான டே தாள்.

கல்லச்சுக்குத் தகடு அழுந்திய பள்ளமும் வராது, ஏனென்றால் சமதளமான கல்லிலிருந்து எடுப்பது. அதனால் பள்ளம் இல்லை என்பதாலேயே போலி என்று சொல்லிவிடவும் கூடாது. எந்த நூல், அது எந்த முறையில் அச்சானது, வெளியானபோது வண்ணம் உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையத்தில் இந்த நூல்களில் பல முழுதாக இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை எடுத்து, கையில் உள்ள தாளோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். தாளைத் திருப்பியும் பாருங்கள். செம்பு கலந்த பழைய பச்சை, நாளாக நாளாகத் தாளை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாகத் தெரியும். முன்னால் பச்சை இருந்து பின்னால் தாள் சுத்தமாக இருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். பழைய கறை, மடிப்பு இவற்றின் மேல் வண்ணம் ஏறி உட்கார்ந்திருந்தால் அது நிச்சயம் பிந்தியது.

இனி வங்கடைக்கு வருகிறேன். அதை வெளியிட்டவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளாக் என்ற பெர்லின் மருத்துவர். அவருடைய மீன் நூல் 1782இலிருந்து 1795 வரை வந்தது; 12 பாகங்கள், 432 படங்கள். அவருக்கு நம் பக்கத்து மீன்கள் கிடைத்தது தரங்கம்பாடியிலிருந்து. அங்கே இருந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சேர்த்து அனுப்பினார். அந்த நன்றிக்காக நம் கத்தாழை மீன் குடும்பத்தின் ஒரு பேரினத்துக்கே ஜோனியஸ் என்று ப்ளாக் பெயர் வைத்தார். அதில் ஒரு வகைக்கு ஜோனியஸ் கருட்டா என்று பெயர். நம் கருத்தக் கத்தாழைதான் அந்தக் கருட்டா. கரையில் யாரோ ஒரு மீனவர் பாதிரியாரிடம் சொன்ன சொல், லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு இன்றும் அறிவியல் பெயராக நிற்கிறது. என் வங்கடைத் தாளில் இருக்கும் பெயர் ஸ்கோம்பர் ராட்லரி. தரங்கம்பாடியில் இருந்த இன்னொரு பாதிரியார் ராட்லரின் பெயர் அது. 1834இல் வெளிவரத் தொடங்கிய தமிழ் அகராதியைத் தொகுத்த அதே ராட்லர். அந்த மீனுக்கு, உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் முன்பே பெயர் வைத்துவிட்டதால் ராட்லரின் பெயர் பிற்பாடு வழக்கொழிந்தது. எனக்கென்னவோ அகராதிக்காரரின் பெயர் வங்கடை மேல் இருந்தது பொருத்தமாகவே படுகிறது.

சித்தப்பா வாலைப் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணைப் பார்த்தார். “இது செத்து ரொம்ப நேரமான மீனு தம்பி. கண்ணு வெளுத்துப்போச்சு. முதுகுல பச்சையே இல்ல பாரு” என்றார். நான் அதுவரை அந்த நீலச் சாம்பலை ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபிறகுதான் யோசித்தேன். 1869இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்னால், நம் கரையிலிருந்து கிளம்பும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச்சேர ஆறு மாதம் வரை ஆகும். மீன் அவ்வளவு நாளும் சாராயத்தில் கிடக்கும். சாராயத்தில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் கரைந்து போகும். கறுப்பும் பழுப்பும் தங்கும். பெர்லினில் ஜாடியைத் திறந்தவர் பார்த்தது அந்த மிச்சத்தைத்தான். அதைப் பார்த்து ஒருவர் மாதிரித் தாளுக்கு வண்ணம் போட்டிருப்பார். அந்த மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பிரதி பிரதியாகப் போட்டிருப்பார்கள். அவர்களில் யாரும் உயிரோடு ஒரு வங்கடையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் படங்களைப் பார்க்கிற முறையே எனக்கு அன்றோடு மாறியது. கோடுகளை நம்பலாம். செதில், துடுப்பின் முள், வாயின் வாட்டம் இவை ஜாடிக்குள் கிடந்த மீனிலும் மாறாதவை. செதுக்கியவர் கண்ணால் எண்ணிச் செதுக்கியிருக்கிறார். வண்ணத்தை அப்படி நம்பக்கூடாது. அது மீனின் வண்ணம் அல்ல, வண்ணம் போட்டவரின் கை. இதைச் சொன்னால் சிலர் அப்போது படம் பொய்தானே என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்க்காத ஒன்றை, கிடைத்த மிச்சத்தை வைத்து, இவ்வளவு கவனமாகத் தீட்டிய ஒருவரின் உழைப்பு அது. ஆனால் வீட்டில் மாட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் இதுதான் வங்கடையின் நிறம் என்று சொல்லக்கூடாது. பக்கத்திலேயே கரை இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

உள்ளூர்க்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. லண்டனில் இருக்கிற சேகரிப்பாளருக்கு ஓரா மீன் பிடிபட்ட உடனே உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக மாறுவது தெரியாது. படத்தில் திட்டு இருந்தால் அதை வேறு வகை மீன் என்றுகூட நினைப்பார். ஏலக் கொட்டகையில் பத்து நாள் நின்றவருக்கு அது குழப்பமே இல்லை. உங்களிடம் ஒரு படம் இருந்தால், வலை இழுக்கிறவர் ஒருவரிடமும் மீன் விற்கிற அம்மா ஒருவரிடமும் காட்டுங்கள். பெயரைச் சொல்லாமல் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் விரலை வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது சொல்லக் கஷ்டமான பகுதி. பாம்பனில் வீடு கட்டியபோது, வங்கடைத் தாளைத் தென்கடலைப் பார்த்த அறையின் வெளிச்சுவரில் மாட்டினேன். கடலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்ற ஆசை. பிரேம் கடையில் கண்ணாடியைத் தாள் மேலேயே அழுத்தி, உள்ளே காற்றுப் போகாமலிருக்க ரப்பர் பீடிங் வைத்துத் தந்தார்கள். நானும் நல்லது என்று நினைத்தேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. மார்கழியில் ஒருநாள் பார்த்தபோது வயிற்று வெள்ளி ஈயம் போலக் கறுத்திருந்தது. ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள். கீழ்மூலையில் தாளின் மேல்தோலை ராமபாணப் பூச்சி சுரண்டியிருந்தது. பதறிப்போய்க் கழற்றி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து முதுகு ஓரத்தில் மெதுவாக ஒற்றினேன். பஞ்சில் நீலம் வந்துவிட்டது. 200 வருடத்துக்கு மேல் தாளில் இருந்த நீலம், என் கையில் ஒரு நொடியில் வந்தது. அந்தப் பஞ்சை இன்னும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

தாள் பராமரிப்புத் தெரிந்த ஒருவரிடம் சென்னையில் காட்டினேன். அவர் விளக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த வண்ணங்கள் கருவேலம்பிசின் மாதிரியான பிசினில் குழைத்தவை. தண்ணீர் பட்டால் எப்போதும் இளகும். வெள்ளி கறுத்ததற்குக் காரணம் கந்தகம். கழிமுகச் சேறு, கருவாட்டுக் களம், என் வீட்டைச் சுற்றி எல்லாவற்றிலிருந்தும் அது காற்றில் வருகிறது. போதாததற்கு நான் வைத்த ரப்பரிலேயே கந்தகம் உண்டு, அதையும் கண்ணாடிக்குள் பூட்டி வைத்துவிட்டேன். பழைய படங்களில் ஈய வெள்ளை பூசியிருந்தால் அதுவும் இதேபோல் கறுக்குமாம். கறுத்ததைத் திரும்ப வெள்ளையாக்க முயன்றால் அடியில் இருக்கிற தாளும் வண்ணமும் கெடும், இப்படியே விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன்.

கடற்கரை வீட்டில் இருக்கிறவர்கள் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், அதுவும் வாடைக் காற்றும் கச்சான் காற்றும் நேரே அடிக்கிற சுவர் வேண்டவே வேண்டாம். உள்சுவரில், வெயில் விழாத இடத்தில், சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி விட்டு மாட்டுங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டவே கூடாது. நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய, அமிலம் இல்லாத பருத்தி அட்டையை வைத்தால் இடைவெளி தானே வந்துவிடும். பிரேம் கடைகளில் வழக்கமாகப் போடும் பழுப்பு அட்டையும் ஹார்டுபோர்டும் சில வருடத்தில் தாளுக்கு மஞ்சள் ஏற்றும். செலோடேப், பெவிகால், லேமினேஷன் மூன்றையும் கிட்டவே விடாதீர்கள். வேப்பிலையைத் தாளுக்கு இடையில் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, இலையின் கறை தாளில் இறங்கும். பெட்டியின் ஓரத்தில் துணிமுடிச்சாக வைத்தால் போதும்.

நான் இப்போது தையிலிருந்து சித்திரை வரை மட்டும் மாட்டுகிறேன். மற்ற மாதங்களில் ராமநாதபுரத்து அச்சகத்தில், இரும்பு பீரோவின் மேல்தட்டில், பெட்டிக்குள் படுக்க வைத்திருக்கிறேன். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று கூடவே இருக்கும். அது நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்ப வைக்கிறேன். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது முக்கியம். பூச்சியும் பூசணமும் மூடி வைத்த இடத்தில்தான் தைரியமாக வளரும்.

இன்னும் இரண்டு விஷயம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நம் நாட்டிலிருந்து தனியார் வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது. சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குப் பரிசாக அனுப்பலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். அப்புறம், முழு நூலாகக் கிடைத்தால் அதைப் பிரிக்காதீர்கள். சந்தையில் வருகிற ஒற்றைத் தாள்கள் பெரும்பாலும் யாரோ ஒரு நூலின் தையலை அறுத்து எடுத்தவை. என் வங்கடையும் அப்படி வந்ததுதான். அதன் இடது ஓரத்தில் தையல் துளைகள் இருக்கின்றன. ஏற்கெனவே பிரிந்ததை வாங்கிக் காப்பாற்றலாம். நாமே கத்தி எடுக்கக்கூடாது.

போன பங்குனியில் சித்தப்பாவோடு விடியலுக்கு முன் கரையில் நின்றேன். வலையில் நாலைந்து வங்கடை வந்திருந்தது. ஒன்றை ஈரச் சாக்கில் போட்டு டார்ச் அடித்தார். நான் பென்சிலும் கடிகாரமும் ஒரு வெள்ளை அட்டையும் கொண்டுபோயிருந்தேன். 5.10: முதுகு பச்சை கலந்த நீலம், செவுள் மூடியில் கரும்பொட்டு, வயிறு வெள்ளி. 5.20: பச்சை மங்குகிறது. 5.40: முதுகு சாம்பல் நீலம். அந்த நேரத்தில் அது பெர்லின் தாளில் உள்ள மீனுக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. “எழுதிட்டியா? கொட்டகைக்குப் போகணும்” என்றார் சித்தப்பா. இன்னும் கொஞ்ச நேரம் என்று நானும் கூடவே போனேன். முதுகில் நிறமெல்லாம் போய்விட்டது. வயிற்று வெள்ளி மட்டும் ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிக்குள் போகும்வரை அப்படியே இருந்தது. அதையும் நேரம் போட்டு எழுதி, அட்டையைத் தாளோடு பெட்டியில் வைத்திருக்கிறேன்.